மூன்று பத்து

ஜுபைல், கேம்ப் நான்கு.
பழைய சாப்பாட்டுக் கேபின்தான் வகுப்பறை.
ஏசி ஒழுகுமிடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
மேசைமேல் இடுப்போடு முடிந்துபோன ரப்பர் ஆள்.
ஆடிட் வருவதற்குள்
தளத்துக்கு ஒருவன் தேறியிருக்க வேண்டுமாம்.
ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்த என்னை அனுப்பினார்கள்.
இங்கிலீஷ் வாசிப்பான் என்றார் ஃபோர்மேன்.
இருதயராஜ் என்று பேரை வைத்துக்கொண்டு
தப்பிக்கலாம் என்று பார்த்தாயா என்றான்
மேல் கட்டில் சவரிராயன்.

மூன்று நாள்.
முதல் நாள் கையுறை மாட்டினோம், கழற்றினோம்.
கழற்றுவதுதான் கஷ்டம்.
இரண்டாம் நாள் கட்டுப் போட்டோம்.
கை உடைந்தவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.
மூன்றாம் நாள் நெஞ்சு.
ஐந்து சென்டிமீட்டர் அழுத்தினால்
உள்ளே க்ளிக் என்று கேட்கும், கேட்டால் சரி.
ஸ்பிரிங் தளர்ந்து
முழங்கை பட்டாலே க்ளிக் என்றது அது.
எல்லோருமே கெட்டிக்காரர்கள் ஆனோம்.

நிமிஷத்துக்கு நூறுக்குமேல்
வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்த வேண்டும்.
தமிழில் எண்ணிப் பார்த்தேன்.
பத்து வரைக்கும் கையும் வாயும் சேர்ந்து போயின.
பதினொன்றில் வாய் பின்தங்கியது.
இருபத்தேழு என்று சொல்லி முடிப்பதற்குள்
இரண்டு அழுத்து அழுத்திவிட்டேன்.
அதனால் பத்தையே மூன்று முறை எண்ணினேன்.
அங்கே நானாகக் கற்றது அது ஒன்றுதான்.

சொல்லிக்கொடுத்த ரோமெல் பிலிப்பைன்ஸ்காரர்.
இதையே தன் ஊரில் ஏழு மாதம் படித்தாராம்,
இரண்டு முறை தோற்றாராம்.
சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்:
இங்கே கம்பெனி மூன்று நாளுக்குத்தான் காசு தருகிறது.
பரீட்சையில் இருபது கேள்வி.
ஒவ்வொன்றாக வாசித்து
சரியான விடை வரும்போது மட்டும் இருமினார்.
இருபத்திரண்டு பேரும் பாஸ்.
சான்றிதழில் என் பெயர் இரண்டாகப் பிளந்திருந்தது,
இருதய தனியே, ராஜ் தனியே.

ஆகஸ்ட். பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டுக்கு வெயில் இடைவேளை.
சாரத்தின் அடியில் கேசவ் தாமாங் மடங்கி விழுந்தான்.
கையுறை பெட்டியில், பெட்டி பூட்டில்,
சாவி என் இடுப்பில்.
ஞாபகமே வரவில்லை.
தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது அவன் கழுத்து.
மூச்சு இல்லை.
இருப்பது மாதிரியும் இருந்தது.
ரப்பர் ஆள் ஒருநாளும் அப்படி அரைமூச்சு விட்டதில்லை.

ஒன்று இரண்டு மூன்று
க்ளிக்குக்குக் காது கொடுத்தபடி அழுத்தினேன்.
ஏழில் கேட்டது.
க்ளிக் இல்லை அது.
பச்சை முருங்கைக் கொப்பு ஒடிகிற சத்தம்.
கையை எடுத்துவிட்டேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
கரோ பாய், கரோ என்று யாரோ கத்தினான்.
மறுபடி வைத்தேன்.
பத்து. பத்து. பத்து.
எத்தனையாவது பத்து என்று தெரியாமல்
பத்து.
ஆம்புலன்ஸ் வர பத்தொன்பது நிமிஷம்.
கேட்டில் பாஸ் கேட்டிருக்கிறார்கள்.

தம்மாமுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள்.
மாதம் முடிவதற்குள் அவன் கட்டிலில் வேறு ஒருவன்.
கேசவ் ஊருக்குப் போய்விட்டான் என்றார் கேம்ப் பாஸ்.
எப்படிப் போனான் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்தில் சான்றிதழ் காலாவதி.
அதே கேபின், அதே வாளி.
ரப்பர் ஆளுக்குப் புது ஸ்பிரிங்,
தம் கட்டி அழுத்தினால்தான் பேசுகிறது.
எலும்பு ஒடியும் என்று ஏன் சொல்லவில்லை என்று
ரோமெலிடம் கேட்டேன்.
சொன்னால் பாதிப்பேர் கை வைக்கமாட்டார்கள் என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
அது நான்காம் நாள் பாடம் என்றார்.

பதினான்காம் கேள்வி:
சரியான ஆழம் என்பதை எப்படி அறிவீர்கள்?
முதல் விடையில் இருமினார்.
அதை மட்டும் காலியாக விட்டுத் தாளைக் கொடுத்தேன்.

இருபதுக்கு இருபது என்று திரும்பி வந்தது.
என் பேனா கறுப்பு.
பதினான்கில் இருந்த டிக்
நீலம்.